வெள்ளிநேழி நாட்குறிப்பு: ஒரு கலை முழுவதும் குடியிருந்த ஊர்

வியாழக்கிழமை

வெள்ளிநேழிக்கு ரயில் கிடையாது. ஷொரணூரிலோ ஒற்றப்பாலத்திலோ இறங்கி, செர்ப்புளச்சேரிப் பக்கம் செல்லும் பேருந்தைப் பிடிக்க வேண்டும். பாதையின் இருபுறமும் வெட்டுக்கல் மதில்களும் கமுகந்தோட்டங்களும் அறுவடை முடிந்த வயல்களும் மாறிமாறி வந்தன. மாசி மாதத்து வெயிலில் நிலம் வெளுத்துக் கிடந்தது. சைலன்ட் வேலிக் காடுகளில் பிறந்து இறங்கிவரும் குந்திப்புழை இவ்வூரை ஒட்டித்தான் ஓடுகிறது. இந்தப் பருவத்தில் அது மணல் திட்டுகளுக்கும் பாறைகளுக்கும் இடையே ஒதுங்கி ஓடினாலும், குளிப்பதற்கும் துவைப்பதற்கும் மக்கள் இறங்கும் அளவுக்குத் தண்ணீர் இருக்கிறது.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், பழைய வள்ளுவநாட்டில் அடங்கிய இந்தக் கிராமத்தைச் சுற்றுவட்டாரத்தில் கலைக் கிராமம் என்றே குறிப்பிடுகிறார்கள். கதகளியைப் பற்றிப் படிக்கும் எவருக்கும் இவ்வூரின் பெயர் திரும்பத் திரும்ப எதிர்ப்படும். இன்னார் வெள்ளிநேழியில் பிறந்தார், இன்னார் வெள்ளிநேழியில் பயின்றார், இன்ன கிரீடம் வெள்ளிநேழியில் செய்யப்பட்டது என்று அது வந்துகொண்டே இருக்கும். ஒரு சிற்றூரிலிருந்து ஒரு பெரிய நடிகர் வருவது வியப்பில்லை. நடிகரும், அவரைப் பயிற்றிய ஆசானும், ஆசானுக்குச் சோறிட்ட மனையும், பாடகரும், செண்டைக்காரரும், கிரீடம் செதுக்கிய தச்சரும் நடந்து போகும் தூரத்துக்குள் ஒன்றாக வாழ்ந்தார்கள் என்பதுதான் இங்கே வியப்பு. அந்த நெருக்கம் எப்படி உண்டாயிற்று என்பதைப் பார்க்கவே நான் வந்திருக்கிறேன்.

இந்த நிலம் 1956 வரை சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. ஒரே மாகாணத்தில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் சேர்ந்திருந்தும், இவ்வூர்க் கலைஞர்களின் பெயர்கள் தமிழ் வாசகர்களிடம் இவ்வளவு குறைவாகச் சென்று சேர்ந்திருப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. இந்தக் குறிப்புகளை நாள்தோறும் எழுதி வெளியிடுவதற்கு அந்த வருத்தமும் ஒரு காரணம்.

வெள்ளிக்கிழமை

காலையில் ஒளப்பமண்ண மனைக்குச் சென்றேன். மனை என்பது நம்பூதிரி இல்லத்தைக் குறிக்கும் சொல். நாலுகெட்டும் நடுமுற்றமும், படி இறங்கும் குளமும், நெல்லைச் சேமித்து வைத்த பத்தாயப்புரையும், ஓங்கி வளர்ந்த மரங்களும் கொண்ட பெரிய வளாகம் இது. பத்தாயப்புரையில் இப்போது வெளியூர் விருந்தினர் தங்குகிறார்கள். ஒரு காலத்தில் சுற்றுப்புற வயல்களிலிருந்து குத்தகையாக வரும் பாட்டநெல் முழுவதும் வந்து குவிந்த இடம் அது என்பதை, அதன் பலகைச் சுவர்களின் கனத்தைத் தொட்டுப் பார்த்தாலே உணரலாம்.

அந்த நெல்தான் இங்கே கதகளியாக மாறியது. மனைக்குச் சொந்தமாக ஒரு களியோகம் இருந்தது. களியோகம் என்றால் ஆடைகள், கிரீடங்கள், அணிகள், செண்டை, மத்தளம் அனைத்தையும் சொந்தமாக வைத்துக்கொண்டு, ஆசானையும் மாணவர்களையும் ஆண்டு முழுவதும் பராமரிக்கும் குழு. திருவிழாக் காலத்தில் அது ஊர் ஊராகச் சென்று ஆடும். மழைக்காலத்தில் மனைக்குத் திரும்பிப் பயிற்சியில் இறங்கும். பயிற்சி விடியலுக்கு வெகுநேரம் முன்பே, கண்ணில் நெய் தடவிக்கொண்டு விளக்கொளியில் செய்யும் கண்சாதகத்தோடு தொடங்கும். பிறகு உடலை உருட்டித் திரட்டும் மெய்யுறப்பு; அதற்குப் பிறகு உழிச்சில். எண்ணெய் பூசிய மாணவன் தரையில் கால்களை அகற்றிப் படுத்திருக்க, மேலே கட்டிய கழியைப் பிடித்துக்கொண்டு ஆசான் தன் பாதத்தால் அவன் உடலை அழுத்தி நீவுவார். இடுப்பும் தொடையும் கதகளிக்கு வேண்டிய விரிவைப் பெறுவது இந்த மழைக்கால உழிச்சிலினால்தான். இத்தனைக்கும் எண்ணெய் வேண்டும், அரிசி வேண்டும், வேறு வேலைக்குப் போக வேண்டாத சிறுவர்கள் வேண்டும். தலைமுறை தலைமுறையாக அந்தச் செலவை ஏற்ற மனைகளில் ஒளப்பமண்ணைக்கு முதன்மையான இடம் உண்டு.

இங்கே ஆசானாக இருந்தவர்களில் குயில்தொடி இட்டிராரிச்ச மேனோனின் பெயரை முதலில் சொல்ல வேண்டும். அருகிலுள்ள கல்லுவழி என்ற ஊரின் பெயரால் வழங்கும் கல்லுவழிச் சிட்டை என்னும் ஆட்டமுறை, பழைய கல்லடிக்கோடன், கப்ளிங்ஙாடன் மரபுகள் கலந்து உருவானது. அந்த மரபை அவரிடமிருந்து பெற்று, இன்று நாம் காணும் வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் அவருடைய மாணவர் பட்டிக்காம்தொடி ராவுண்ணி மேனோன். கோட்டயத்து அரசரான தம்புரான் எழுதிய நான்கு ஆட்டக்கதைகளான, அதாவது கதகளிக்கான பாடல் நாடகங்களான பகவதம், கல்யாணசௌகந்திகம், கிர்மீரவதம், காலகேயவதம் ஆகியவற்றைக் கல்லுவழிக்காரர்கள் இலக்கணம் போலப் போற்றுகிறார்கள். இவற்றில் எந்தச் சொல்லுக்குக் கை எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும், எந்தத் தாளத்தில் உடல் தாழ வேண்டும், எப்போது கண் கையைத் தொடர வேண்டும் என்பதெல்லாம் வரையறுக்கப்பட்டிருக்கின்றன. ராவுண்ணி மேனோன் அந்த ஒழுங்கோடு நின்றுவிடவில்லை. ஏற்கெனவே ஆசானாக மதிக்கப்பட்ட பிறகும் கொடுங்ஙல்லூருக்குச் சென்று, நாட்டிய சாஸ்திரத்தில் வல்லவரான குஞ்ஞுண்ணித் தம்புரானிடம் ரச அபிநயம் கற்றுத் திரும்பினார். உடலின் கட்டுக்கோப்புக்கும் முகத்தின் பாவத்துக்கும் அவர் ஏற்படுத்திய இணைப்புதான் பின்னர் கேரளம் முழுவதும் பரவியது. கவிஞர் வள்ளத்தோள் நாராயண மேனோனும் மணக்குளம் முகுந்த ராஜாவும் 1930-இல் தொடங்கிய கலாமண்டலம் என்ற கலைப் பயிற்சி நிறுவனத்தில் அவர் ஆசானாக அமர்ந்தபோது, இந்த முற்றத்தின் முறையே அந்த நிறுவனத்தின் பாடமாயிற்று. 1948-இல் அவர் மறைந்தார்.

மனையில் பிறந்தவர்களும் கலையைப் பராமரித்ததோடு நிற்கவில்லை. ஓ.எம்.சி. நாராயணன் நம்பூதிரிப்பாடு ரிக்வேதத்துக்கு மலையாளத்தில் பல தொகுதிகளாக விரிவான உரை எழுதினார். வேதம் ஓதும் உரிமையைத் தமக்குள்ளேயே வைத்திருந்த சமூகத்தில் பிறந்த ஒருவர், அதைப் படிக்கத் தெரிந்த எல்லோருக்குமாகத் தாய்மொழியில் திறந்து வைத்தார் என்பதை நான் பெரிய செயலாகக் கருதுகிறேன். அவருடைய மகள் லீலா நம்பூதிரிப்பாடு, ‘சுமங்கலா’ என்ற பெயரில் மலையாளக் குழந்தைகளுக்குக் கதை சொன்னவர். 1934-இல் பிறந்த அவர் பஞ்சதந்திரத்தை மலையாளத்தில் எடுத்துச் சொன்னார், வால்மீகி ராமாயணத்தைச் சுருக்கி மொழிபெயர்த்தார், கலாமண்டலத்தில் மக்கள் தொடர்புப் பணியில் இருந்தார், 2021-இல் காலமானார். மனையின் பெயரையே தன் புனைபெயராகக் கொண்ட கவிஞர் ஒளப்பமண்ண சுப்ரமணியன் நம்பூதிரிப்பாடு (1923–2000), ‘நிழலான’ என்ற தொகுப்புக்காக 1989-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். ‘நங்ஙேமக்குட்டி’ என்ற அவருடைய குறுங்காவியம், நம்பூதிரி இல்லத்துப் பெண் ஒருத்தியின் துயரத்தைச் சொல்கிறது. இவ்வளவு பெரிய வீட்டின் உள்ளறைகளில் பெண்கள் வாழ்ந்த வாழ்க்கையை அதே வீட்டின் மகன் ஒருவர் எழுதினார் என்ற நினைவோடு அந்த நாலுகெட்டைச் சுற்றி வந்தபோது, தூண்களின் அழகை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

சனிக்கிழமை

இன்றைய பகல் முழுவதையும் கோப்பு செய்யும் ஒரு பட்டறையில் கழித்தேன். கோப்பு என்பது கதகளியின் கிரீடங்களையும் அணிகளையும் சேர்த்துக் குறிக்கும் பெயர். கேரளத்தில் இதைச் செய்யத் தெரிந்த குடும்பங்கள் மிகச் சில. அவற்றில் பெயர் பெற்றவை வெள்ளிநேழியில் இருக்கின்றன. நான் சென்ற வீட்டில் தந்தையும் மகனும் தாழ்வாரத்தில் அமர்ந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். தந்தையைச் சேட்டன் (அண்ணன்) என்று அழைத்துப் பேசத் தொடங்கிய சிறிது நேரத்துக்கெல்லாம், அவர் கையிலிருந்த உளியைக் கீழே வைக்காமலேயே எனக்கு ஒவ்வொன்றாக விளக்கிக் காட்டினார்.

மரம் குமிழ். எடை குறைவு, நுண்ணிய வேலைக்கு இணங்கும், எளிதில் பிளக்காது. வெட்டிய மரத்தை நன்றாகக் காயவிட்ட பிறகுதான் செதுக்கத் தொடங்குகிறார்கள். நற்குண நாயகர்களுக்கான பச்சை, செருக்குள்ள எதிர்நாயகர்களுக்கான கத்தி ஆகிய வேஷங்களுக்கு உரிய கேசபாரம் கிரீடத்தில் பின்புறம் பெரிய வட்டத்தட்டு ஒன்று நிற்கும். அதன் முகப்பு முழுவதும் பூவும் கொடியும் செதுக்கப்பட்டிருக்கும். ஆட்டம் முடியும் வரை அது நடிகரின் தலையில் இருக்க வேண்டும் என்பதால், வெளியே எவ்வளவு நுணுக்கமாகச் செதுக்குகிறார்களோ அவ்வளவு கவனமாக உட்புறத்தைக் குடைந்து எடையைக் குறைக்கிறார்கள். எங்கே மரத்தை மெலிதாக்கலாம், எங்கே தடிப்பாக விட வேண்டும் என்பதை விரலால் தட்டிக் கேட்டு முடிவு செய்கிறார் சேட்டன். செதுக்கிய பின் பொன்தாளும் கண்ணாடித் துண்டுகளும் மயிற்பீலித் தண்டும் பதிக்கப்படும். ஹனுமானுக்கு வட்டமுடி, கிருஷ்ணனுக்குப் பீலி சூடும் முடி, காட்டாளனுக்கும் அரக்கிக்கும் கரிமுடி என்று ஒவ்வொரு வகைக்கும் தனி அளவு உண்டு. தோளில் தோள்பூட்டு, காதில் தோடையும் செவிப்பூவும், மார்பில் கழுத்தாரம், இடுப்பில் படியரஞாண் என்று மற்ற உறுப்புகளும் இதே தாழ்வாரத்தில்தான் பிறக்கின்றன.

கிரீடம் நடிகரின் முகத்தைச் சிறிதாக்கக் கூடாது என்று சேட்டன் சொன்னார். வட்டத்தட்டின் விட்டம் சற்றுக் கூடினாலும் முகம் அதற்குள் புதைந்துவிடும். குறைந்தால் உடையின் அகலத்துக்கு எதிரே தலை தனித்து நிற்கும். இந்த அளவுகளைத் தம் முன்னோர் முற்றத்தில் ஆடுபவர்களைப் பக்கத்திலிருந்து பார்த்துப் பார்த்தே திருத்திக்கொண்டார்கள் என்று அவர் விளக்கினார். காலையில் ஆடிய ஆசான் மாலையில் தச்சரின் வீட்டுக்கு வந்து இந்த இடம் உறுத்துகிறது, அந்த இடம் ஆடுகிறது என்று சொல்லக்கூடிய ஊராக இது இருந்ததால்தான் கோப்பு இந்த அளவுக்கு முழுமை பெற்றிருக்கிறது. நான் தேடிவந்த விடையின் பெரும்பகுதி இந்தத் தாழ்வாரத்திலேயே கிடைத்துவிட்டது.

இரவு, அருகிலுள்ள கோயில் ஒன்றின் திருவிழாவில் கல்யாணசௌகந்திகம் ஆடினார்கள். அந்தி மயங்கும்போது செண்டையும் மத்தளமும் முழங்கும் கேளி, இன்றிரவு கதகளி உண்டு என்று ஊருக்கு அறிவித்தது. நான் நேராக அணியறைக்குச் சென்றேன். பாயில் மல்லாந்து படுத்திருந்த நடிகரின் தாடையோரத்தில், அரிசிமாவும் சுண்ணாம்பும் சேர்ந்த பசையால் கரைகட்டி, அதன்மேல் வெள்ளைக் காகிதச் சுட்டியை ஒருவர் ஒட்டிக்கொண்டிருந்தார். மணிக்கணக்கில் நீளும் இந்த வேலையின்போது நடிகர்கள் பெரும்பாலும் உறங்கிவிடுகிறார்கள். உறங்கி எழும் முகத்தில் பீமன் இருப்பான். சுண்டைப்பூவின் விதையைக் கண்ணிமைக்குள் இட்டுக்கொண்ட சற்று நேரத்தில் வெண்விழி சிவந்து, முகப்பூச்சின் பச்சைக்கு நடுவே அந்தச் சிவப்பு தனியாக ஒளிர்ந்தது.

தொடக்க நிகழ்ச்சிகளான தோடயமும் புறப்பாடும் மேளப்பதமும் முடிந்து கதை தொடங்கியபோது நள்ளிரவு நெருங்கிவிட்டது. காற்றில் வந்து விழுந்த சௌகந்திகப் பூவைப் போன்ற பூக்கள் இன்னும் வேண்டும் என்று பாஞ்சாலி கேட்க, பீமன் காட்டுக்குப் புறப்படுகிறான். ‘பாஞ்சாலராஜ தனயே’ என்ற பதம் மிக மெதுவான காலத்தில் ஆடப்படுவது. கல்லுவழி முறையின் வலிமை இந்த மெதுவில்தான் தெரிகிறது. பாதத்தின் வெளிவிளிம்பில் உடல் எடையைத் தாங்கி, முழங்கால்களை அகற்றித் தாழ்ந்த நிலையில், ஒரு கை மெல்ல எழுந்து மலராக விரிந்து முடியும் வரை உடலின் வேறெந்தப் பகுதியும் அசையவில்லை. அசையாமல் நிற்பதற்கு இத்தனை பயிற்சி தேவை என்பதை அந்தச் சில நிமிடங்களில் முழுமையாகப் புரிந்துகொண்டேன்.

அதன்பிறகு அஜகரகபளிதம் வந்தது. காட்டில் உறங்கும் யானையின் காலை மலைப்பாம்பு விழுங்கத் தொடங்குகிறது. யானை பிளிற, அந்த ஓசையைக் கேட்டு வந்த சிங்கம் அதன் மத்தகத்தைப் பிளக்கிறது. பாடல் ஒரு வரியும் இல்லாமல், மேளத்தை மட்டும் துணைக்கொண்டு, ஒரே நடிகர் யானையாகவும் பாம்பாகவும் சிங்கமாகவும் அவற்றைப் பார்த்து நிற்கும் பீமனாகவும் மாறினார். கேரளத்தின் பழைய சமஸ்கிருத நாடகமான கூடியாட்டத்திலிருந்து கதகளி எடுத்துக்கொண்ட பகுதி இது. பாம்பு யானையின் காலை உள்ளிழுக்கும் ஒவ்வொரு முயற்சிக்கும் செண்டையில் ஒரு சிறு உருட்டு கேட்டது. யானை காலை உதறும்போது மத்தளம் பேசியது. எனக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் அந்த உருட்டு ஒவ்வொன்றுக்கும் தலையை அசைத்துக்கொண்டே இருந்தார். விடியும் முன்பு ஹனுமான் வந்து வாலை நீட்டிப் படுத்து, தம்பியின் செருக்கை அடக்கி, வழிகாட்டி அனுப்பிவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை

இரவு முழுவதும் விழித்திருந்ததால் எழ நேரமாயிற்று. மாலையில், நேற்று பக்கத்தில் அமர்ந்திருந்த முதியவர் வீட்டுக்குச் சென்றேன். இளமையில் பல ஆசான்களின் ஆட்டத்தை நேரில் கண்டவர். அவரை ‘மாஷே’ என்றுதான் ஊரார் அழைக்கிறார்கள். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்.

அவருடைய பேச்சு மேளத்திலிருந்தே தொடங்கியது. கதகளியின் செண்டை வெறும் தாளம் காட்டுவதாக இருந்த நிலையை மாற்றி, நடிகரின் கைமுத்திரையையும் கண்ணசைவையும் ஓசையால் பின்தொடர வைத்த கலாமண்டலம் கிருஷ்ணன்குட்டிப் பொதுவாள் (1924–1992) இவ்வூர்க்காரர். மத்தளத்தில் கலாமண்டலம் அப்புக்குட்டிப் பொதுவாள் அவருக்கு இணையாக அமர்ந்தார். இருவரும் சேர்ந்து வாசித்த அரங்குகளில் மேளம் கதாபாத்திரத்தின் மனத்துக்குள் நுழைந்து பேசியது என்று மாஷ் சொன்னார். நேற்றிரவு நான் கேட்ட அந்தப் பாம்பின் உருட்டு, இவர்கள் திறந்துவைத்த வழியில் வந்ததுதான். பாட்டில், இங்கே பக்கத்திலுள்ள அடக்காப்புத்தூரைச் சேர்ந்த கலாமண்டலம் உண்ணிகிருஷ்ணக் குறுப்பு (1931–1988). அவருடைய குரலில் இருந்த உருக்கத்தைச் சொல்ல முயன்று சொல்ல முடியாமல், மாஷ் தாமே இரண்டு வரி பாடிக் காட்டினார். அடக்காப்புத்தூரில் ஆரன்முளையில் செய்வதைப் போன்ற உலோகக் கண்ணாடி வார்க்கும் கைவினையும் உண்டு. இம்முறை அதைப் பார்க்க நேரமில்லை.

வேஷக்காரர்களைப் பற்றிய பேச்சில் கலாமண்டலம் ராமன்குட்டி நாயர் நீண்ட நேரம் நின்றார். 1925-இல் இவ்வூரில் பிறந்து, பட்டிக்காம்தொடியிடம் பயின்று, கலாமண்டலத்தின் முதல்வராக உயர்ந்து, 2007-இல் பத்மபூஷண் பெற்று, 2013-இல் மறைந்தவர். ராவணன், நரகாசுரன், கீசகன் போன்ற கத்தி வேஷங்களும், ஹனுமானும் பரசுராமனும் அவருக்கே உரியவை என்று ரசிகர்கள் தீர்மானித்திருந்தார்கள். பட்டிக்காம்தொடியின் மகன் கலாமண்டலம் பத்மநாபன் நாயர் (1928–2007) தந்தையின் முறையை எழுத்தில் பதிந்தார். ஒவ்வொரு பதத்துக்கும் முத்திரை, கண், கால் ஆகியவை எப்படிச் செல்ல வேண்டும் என்று அவர் விரிவாக எழுதிவைத்தவை இன்றைய ஆசிரியர்களுக்குக் கையேடாக இருக்கின்றன. இவர்கள் இருவரின் பயிற்சியில் உருவானவர்தான் இன்று உலகமறிந்த கலாமண்டலம் கோபி.

தமிழர்களுக்கு நெருக்கமான பெயர் கீழ்ப்படம் குமாரன் நாயருடையது. 1916-இல் வெள்ளிநேழியில் பிறந்த அவரும் பட்டிக்காம்தொடியின் மாணவரே. வாழ்வின் ஒரு கட்டத்தில் சென்னைக்குச் சென்று தமிழ்த் திரையுலகில் நடன ஆசிரியராகப் பணியாற்றினார். எம்.ஜி.ஆரும் ரஞ்சனும் அவரிடம் நடனம் பயின்றவர்கள். பிறகு கேரளம் திரும்பி, கோட்டக்கல் பி.எஸ்.வி. நாட்டியசங்கத்திலும், ஒற்றப்பாலத்தை அடுத்த பேரூரில் உள்ள காந்தி சேவா சதனத்திலும் ஆசானாக இருந்தார். இலக்கணத்தைக் கற்றுத் தேர்ந்த பிறகு அதைத் தாண்டிச் செல்லும் கற்பனை அவருக்கு இருந்தது என்று மாஷ் நினைவுகூர்ந்தார். ஒரே வேஷத்தை இரண்டு முறை ஒரே மாதிரி ஆடியதில்லையாம். 2004-இல் பத்மஸ்ரீ, 2007-இல் மறைவு. நம் திரைப்பட வரலாற்றை எழுதுபவர்கள் இந்த ஆசானின் சென்னை ஆண்டுகளைத் தேடித் தொகுக்க வேண்டும் என்று விரும்புகிறேன். கதகளியின் கால்நிலையும் தோள்நிலையும் தமிழ்த் திரையில் எங்கெல்லாம் பதிந்திருக்கின்றன என்பது தனியாக ஆராயத்தக்க செய்தி.

விடைபெறும் முன்பு ஒரு கேள்வி கேட்டேன். இவ்வளவு பெரிய கலையை வளர்த்த நெல்லை விளைவித்தவர்கள் இதைப் பார்த்தார்களா? மாஷ் சற்று யோசித்துவிட்டு, தூரத்தில் நின்று பார்த்தார்கள் என்றார். மலபாரின் கோயில்களில் எல்லாச் சாதியினரும் நுழையச் சட்டம் இடம் கொடுத்தது 1947-இல்தான். சென்னை மாகாணத்தின் ஆலயப் பிரவேசச் சட்டம் இங்கும் பொருந்தியது. மனைகளின் முற்றங்களோ அதற்குப் பிறகும் அவரவர் வழக்கப்படியே இருந்தன. பத்தாயப்புரையை நிறைத்தது அவர்களுடைய உழைப்பு என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் வெள்ளிநேழியின் கதை நேர்மையானதாக இருக்கும் என்று அவரும் ஒப்புக்கொண்டார்.

திங்கட்கிழமை

1970 ஜனவரி 1-ஆம் நாள் கேரளத்தில் குத்தகை முறை ஒழிந்தது. உழுதவர்களுக்கு நிலம் கிடைத்தது. மனைகளுக்கு வந்துகொண்டிருந்த பாட்டநெல் நின்றது. அந்த நாளில் இவ்வூரின் கலை அழிந்திருக்க வேண்டும் என்று கணக்குப் பார்ப்பவர்கள் நினைக்கலாம். அவ்வாறு நிகழவில்லை என்பதற்குக் காரணம், ஆசான்கள் அதற்கு நாற்பது ஆண்டுகள் முன்பிருந்தே மனையின் முற்றத்திலிருந்து கலாமண்டலம் போன்ற நிறுவனங்களுக்குச் சென்றுவிட்டிருந்ததுதான். ஒரு நிலவுடைமைக் குடும்பத்தின் விருப்பத்தை நம்பி நின்ற கல்வி, பொதுமக்களின் கொடையாலும் பிறகு அரசின் நிதியாலும் நடக்கும் கல்வியாக மாறியது. நில உரிமை மாறியதும் நியாயம், கலை தப்பிப் பிழைத்ததும் நன்மை. இவற்றில் ஒன்றுக்காக மற்றொன்றை இழந்தோம் என்று யாரேனும் சொன்னால் வெள்ளிநேழி அதற்கு மறுப்பாக நிற்கிறது.

ஆனாலும் இழப்பு ஒன்று உண்டு. நிறுவனத்துக்குச் சென்ற மாணவன் தேர்ச்சி பெற்றபின் ஊர் திரும்புவதில்லை. வேலை எங்கே கிடைக்கிறதோ அங்கே குடியேறுகிறான். நடிகரும் செண்டைக்காரரும் தச்சரும் ஒரே தெருவில் சந்தித்துக்கொண்ட காலம் மெல்ல மறைகிறது. இரவு முழுவதும் ஆடும் கதகளியும் குறைந்து, பல இடங்களில் மூன்று மணி நேர நிகழ்ச்சியாகச் சுருங்கிவிட்டது.

இதைச் சரிசெய்ய ஊரார் முயலாமல் இல்லை. இன்று காலை, ஒரு வீட்டுத் திண்ணையில் குழந்தைகளுக்குச் சொல்லியாட்டம் கற்றுக்கொடுக்கும் ஆசான் ஒருவரைச் சந்தித்தேன். வேஷமும் கோப்பும் இல்லாமல், மரப்பலகையில் கோலால் தட்டும் தாளத்துக்கும் ஆசானின் வாய்ப்பாட்டுக்கும் ஏற்ப முழு ஆட்டத்தையும் ஆடிப் பழகுவதே சொல்லியாட்டம். மாணவர்களில் பாதிக்கு மேல் பெண் குழந்தைகள். திருப்பூணித்துறையில் மகளிர் மட்டுமே ஆடும் கதகளிக் குழு 1975 முதல் இருந்துவருகிறது. ஆனால் கலாமண்டலம் தன் கதகளி வகுப்பில் பெண்களைச் சேர்த்துக்கொண்டது 2021-இல்தான். ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் அந்தக் கதவு மூடியிருந்ததற்கு, பெண்ணின் உடல் உழிச்சிலையும் இரவு முழுதும் கிரீடத்தையும் தாங்காது என்று காரணம் சொல்லப்பட்டது. திண்ணையில் தாழ்ந்து நின்று, கால் நடுங்காமல் கையை மலராக விரித்த பன்னிரண்டு வயதுச் சிறுமியைப் பார்த்தபோது அந்தக் காரணம் எவ்வளவு பொருந்தாதது என்பது தெளிவாகத் தெரிந்தது.

அவளுக்கு வரும் மேடத்தில், அதாவது சித்திரையில், அரங்கேற்றம். புறப்பாட்டில் கிருஷ்ண வேஷம். பெரியவர்களுக்கான முடி அவள் தலையில் நிற்காது என்பதால் சிறிய அளவில் ஒன்று செய்ய வேண்டியிருக்கிறது. முழுக் கோப்பும் சொந்தமாக வாங்குவது ஒரு குடும்பத்தால் இயலாத செலவு. ஆகவே முடியை மட்டும் பெற்றோர்கள் கூடிப் பணம் சேர்த்துச் செய்வித்து, அடுத்தடுத்து அரங்கேறும் குழந்தைகளும் பயன்படுத்தும்படி வைத்துக்கொள்ளவும், மற்ற அணிகளை வாடகைக்கு எடுக்கவும் தீர்மானித்திருக்கிறார்கள். சேட்டனின் தாழ்வாரத்தில் அதற்கான குமிழ்மரம் காய்ந்துகொண்டிருக்கிறது. அளவெடுக்க அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறாராம்.